வாசல் நிலையில் சாக்கட்டி

கெசியா டன்னட் முதலில் கவனித்தது அழிந்துபோன சாக்கட்டி எண்ணையா, சில்லென்றிருந்த படுக்கையையா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவளே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். லண்டனின் வைட்சாப்பலில் அவள் அறைக்கு நேர் கீழறையில் பல வருஷம் குடியிருந்தவன் நான். ஆனாலும் மரத்தளத்தின் வழியாக நானாகக் கேட்டது எது, பின்னாளில் அவள் வாயால் கேட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. நாட்களை மட்டும் தப்பாகச் சொல்ல மாட்டேன். அந்த நாட்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

அந்த வருஷம், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டில், கெசியாவுக்கு முப்பத்தொரு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு முழுக்கத் தரை தேய்க்கும் வேலை. கணவன் ஆம்ப்ரோஸ் இறைச்சிச் சந்தையில் சுமை தூக்குகிறவன். விடியுமுன் அங்கே நிற்க வேண்டும். ஒரே படுக்கையை இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். நாலரைக்கு அவன் கிளம்புவான். கிளம்பும்போது போர்வைகளை இழுத்து, ஓரமெல்லாம் செருகிவிட்டுப் போவான், சூடு போகாமலிருக்க. ஆறு மணிக்கு இவள் வந்து, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அந்தச் சூட்டுக்குள் சுருண்டுகொள்வாள். ஆறு வருஷத் தாம்பத்தியத்தில் அவனை அவள் அதிகம் அறிந்தது அந்தச் சூட்டின் வழியாகத்தான். பேச்சு குறைவு. கை ஓங்கியதில்லை. போர்வையைச் செருகிவிட்டுப் போகிறானே, அதைத்தான் அவள் அன்பு என்று வைத்திருந்தாள்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் ஓடுகிற கடிகாரம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு விடியலில் ஆளெழுப்பும் லெட்டி காப் இருந்தாள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று வாசல் நிலையில் சாக்கட்டியால் எழுதி வைத்தால் போதும். நீளமான கழியோடு வந்து, அதன் கம்பி நுனியால் மேல்மாடிக் கண்ணாடியைத் தட்டுவாள். எழுப்ப வேண்டியவன் முகம் ஜன்னலில் தெரியும்வரை நகர மாட்டாள். முனகலையோ இருமலையோ பதிலாக ஏற்க மாட்டாள், முகம் வேண்டும். எண் அழிந்திருந்தால் அன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஏன் என்று கேட்க மாட்டாள். ஒரு வாசலில் பார்த்ததை இன்னொரு வாசலில் சொல்லவும் மாட்டாள். அப்படிச் சொல்கிறவளை யார் தன் ஜன்னலுக்குக் கீழே நிற்க விடுவார்கள்?

அந்த ஆகஸ்ட் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், எங்களிடமிருந்து நாலு தெரு தள்ளி முதல் பெண் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தாள். அடுத்த வாரச் சனிக்கிழமை இன்னொருத்தி. செப்டம்பர் முடிவில் ஒரு ஞாயிறு, ஒரே இரவில் இரண்டு பேர். பிறகு நவம்பரில், லண்டன் மேயரின் வருஷாந்தர ஊர்வலத்தன்று, ஒரு பெண் தன் சொந்த அறைக்குள்ளேயே. அந்த இலையுதிர் காலத்தில் ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். நீ எங்கே இருந்தாய், எப்போது கேள்விப்பட்டாய், அப்போது கையில் என்ன வைத்திருந்தாய். ஒவ்வொருவரும் தங்கள் அந்தக் காலைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, துலக்கிய பாத்திரம் மாதிரி பளபளவென்று வைத்திருந்தார்கள்.

கெசியாவின் காலைகளும் அப்படித்தான் நினைவில் நின்றன. முதல் வெள்ளிக்கிழமை வீடு வரும்போது வாசல் நிலையில் நாலு என்ற எண் இல்லை. ஈரத்துணியால் துடைத்த தடம் மட்டும் இருந்தது. மாடியேறினால் படுக்கை சில்லென்றிருந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமையும் அப்படியே. அந்த ஞாயிறு சந்தை இல்லை, எண்ணும் இல்லை. ஆம்ப்ரோஸ் மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தான். மேயர் ஊர்வலத்தன்று மறுபடியும் துடைத்த நிலை, சில்லிட்ட படுக்கை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் போய்விட்டான். நல்ல பூட்ஸையும் சவரக்கத்தியையும் எடுத்துக்கொண்டு, சந்தையில் கட்டும் ஏப்ரனை ஆணியிலேயே விட்டுவிட்டு. சண்டையில்லை, சீட்டில்லை. கொலைகளும் அத்தோடு நின்றன.

இரண்டையும் அவள் ஒன்றாக வைத்துப் பார்க்க இரண்டு மாதமாயிற்று. ஜனவரியில் ஒரு ராத்திரி, ஆஸ்பத்திரிப் படிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பிரஷ் கையிலேயே நின்றுவிட்டது என்றாள்.

ஆனால் பொய் அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. அக்டோபரில் போலீஸ்காரர்கள் வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள். ஒரு சார்ஜென்ட், மூக்கு சிவந்து ஜலதோஷம் பிடித்தவர், படிக்கட்டில் நின்றபடியே கேட்டார்:

"உன் புருஷன் அந்த ராத்திரிகள்ல எங்கம்மா இருந்தான்?"

"இங்கதான். தூங்கிட்டிருந்தான்."

"நீ பாத்தியா?"

"ஒரே படுக்கைதானேய்யா இருக்கு. பாக்காம?"

சார்ஜென்ட் சிரித்து எழுதிக்கொண்டு போனார். இரவெல்லாம் அவள் வேலையில் இருப்பதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் சொந்த ஆளைப் பற்றிப் போலீஸிடம் யாரும் உண்மை பேசியதில்லை. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். ஆனால் ஜனவரிக்குப் பிறகு அந்த வழக்கம் அவள் கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. இனி எங்கே எந்தப் பெண் செத்தாலும் அது தன் பொய்யால் வந்த சாவு என்று அவளுக்கு ஆயிற்று.

இப்படிப் பதினாலு வருஷம்.

அவள் அறையை மாற்றவில்லை. ஏன் என்று பலர் கேட்டார்கள். அவன் திரும்பி வந்தால் வேறு எந்தப் பெண்ணின் கதவுக்கும் முன்னால் தன் கதவுக்கு வரட்டும் என்று அவள் நினைத்தது யாருக்கும் தெரியாது. அந்த ஏப்ரனைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். சில ஞாயிறுகளில் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பழுப்பேறிய கறைகளில் எது மாடு, எது மாடு இல்லை என்று பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் சைலஸ் வோகன், மனைவியை இழந்தவன், அவளை மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை சட்டமும் பேசினான்.

"ஏழு வருஷம் தகவலே இல்லன்னா கட்டிக்கலாம் கெஸ். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் விசாரிச்சிட்டேன்."

"உனக்கு வேற ஆள் கெடைக்கும் சைலஸ்."

"கெடைக்கும். அதான் உன்னைக் கேக்கறேன், கெடைக்கறதுக்குள்ள."

அவள் சிரித்தாள், மாட்டேன் என்றாள். கொலைகாரப் புருஷன் எந்த ராத்திரியும் ஏறி வரக்கூடிய மாடிக்கு ஒரு நல்ல மனுஷனை எப்படிக் கூட்டி வருவது? சைலஸ் ஒரு சலவைக்காரியைக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறமும் தினம் மாலை வணக்கம் சொன்னான், தொப்பியைத் தொட்டு.

இதை யாரும் வெறும் துக்கம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதில் இன்னொன்றும் இருந்தது. பின்னாளில் அவளே தலைகுனிந்து சொன்னாள். இத்தனை பெண்களைத் தொட்டவன் என்னைத் தொடவில்லையே, எனக்குப் போர்வையைச் செருகிவிட்டுப் போனானே என்று ஒரு நினைப்பு. வேலைக்கு நடக்கும்போது மனதுக்குள் அவனோடு பேசுவாள். இன்னைக்கு எங்க இருக்க, மழையில நனையிறியா, கையை வெச்சுக்கிட்டு சும்மா இரு. ஆறு வருஷம் கூட இருந்தபோது பேசியதைவிட இந்தப் பதினாலு வருஷத்தில் அவனிடம் அதிகம் பேசியிருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு நவம்பரில், வடக்கே ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண் குத்துப்பட்டு இறந்தாள். மீன் சுற்றி வந்த தாளில் கெசியா அதைப் படித்தாள். பழைய ஆள்தானா என்று ஒரு வரி கேட்டிருந்தது. அவள் மீனைத் தட்டில் வைத்துவிட்டு, தாளைத் துடைத்துக் காயவைத்து, மறுநாள் ஞாயிறு மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு லெட்டி காப்பைப் பார்க்கப் போனாள்.

லெட்டிக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. கழியை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கால் வீங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"வா புள்ள. கதவச் சாத்து, குளிரு வருது. இந்தக் காலைப் பாத்தியா? சந்தைக்குக் கொண்டுபோனா எடை போட்டு வாங்கிப்பான்."

கெசியா உட்காரவில்லை.

"நாளைக்குக் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன் லெட்டிம்மா. நீயும் வரணும்."

"ஏன்? எதைத் திருடின?"

"வெளையாடாத. நீ வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். அந்த மூணு காலையும் எங்க வாசல்ல எண்ணு இல்ல, ஆம்ப்ரோஸ நீ எழுப்பலன்னு. அதைப் பாத்தவங்க நாம ரெண்டு பேருதான்."

"எந்த மூணு காலை?"

கெசியா சொன்னாள். வெள்ளி, சனி, மேயர் ஊர்வலம். எல்லாவற்றையும் சொன்னாள். படுக்கை, ஏப்ரன், சார்ஜென்ட், வடக்கே செத்த பெண். நின்றுகொண்டே, குரல் உயர்த்தாமல், ஆஸ்பத்திரியில் எத்தனை வாளி தண்ணீர் ஆயிற்று என்று சொல்கிற மாதிரி சொல்லி முடித்தாள்.

லெட்டி முதலில் சிரித்தாள். "ஆம்ப்ரோஸா? மூட்டைப்பூச்சிய நசுக்கச் சொன்னாலே பொண்டாட்டிய கூப்பிடுவானே, அவனா?" என்றாள். பிறகு கெசியாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கணப்பில் கரி ஒன்று சரிந்தது. தெருவில் யாரோ கைவண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் முழுதாகத் தேய்ந்து போகும்வரை லெட்டி காத்திருந்தாள்.

"ஒக்காரு கெஸ்."

"வேணாம்."

"ஒக்காருன்னா ஒக்காரு. அந்த மூணு காலையும் நான் அவன எழுப்பினேன்."

"எங்க வாசல்ல எண்ணு இல்லியே."

"ஒங்க வாசல்ல இல்ல."

கெசியா உட்கார்ந்தாள்.

"பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரொட்டிக்கடைக்கு மேல" என்றாள் லெட்டி. "ஃபேன்னி ட்ரூன்னு ஒருத்தி, நாற்காலி பின்றவ. ஒங்க நிலையில அழிக்கிற அன்னிக்கு அங்க நிலையில நாலுன்னு எழுதியிருக்கும். அவன் எழுத்துதான், அந்த நாலுக்கு ஒரு வாலு போடுவானே, அதே வாலு. அங்க போய்த் தட்டுவேன்."

"நீ முகத்தைப் பாத்தியா?"

"முகத்தைப் பாக்காம நான் என்னிக்கு நகந்திருக்கேன்? கன்னத்துல தலகாணி மடிப்போட வந்து நிப்பான். ஊர்வலத்தன்னிக்கு நல்ல மழை. 'போதும் கெழவி, கண்ணாடிய ஒடச்சித் தொலைக்காத'ன்னு கொட்டாவி விட்டான். பின்னாலேர்ந்து அவ கத்துறா, 'ஜன்னல மூடுய்யா, ஒடம்பு வெறைக்குது'ன்னு. கொலை பண்ணிட்டு வந்தவனுக்கு அப்படிக் கொட்டாவி வராது புள்ள."

"மூணு நாளும்?"

"மூணு நாளா? வசந்தகாலத்துலேர்ந்து. வாரத்துல ரெண்டு, சில வாரம் மூணு. முப்பது காலைக்குக் கொறையாது."

"நான் மூணுதான் பாத்தேன்."

"நீ ஊரு பாத்த நாள மட்டும் பாத்திருக்க."

கெசியா தன் கைகளைப் பார்த்தாள். மற்ற இருபத்தேழு காலைகளைத் தேடினாள். அப்போதும் படுக்கை சில்லென்றுதான் இருந்திருக்க வேண்டும். களைப்பில் அவள் உணரவில்லையா, உணர்ந்து மறந்துவிட்டாளா? அந்தக் காலைகளில் யாரும் சாகவில்லை. அதனால் அவை அவளிடம் இல்லை.

"ஏன் லெட்டிம்மா சொல்லல?"

"நீ ஒரு தடவ வந்து கேட்ட. 'இன்னிக்கு அவர எழுப்பலியா'ன்னு. 'எண்ணு இல்லன்னா தட்டு இல்ல'ன்னேன். அப்புறம் நீ கேக்கவே இல்ல. தெரிஞ்சுகிட்ட, தெரிஞ்சு வாயப் பொத்திக்கிட்டன்னு நெனச்சேன். மானமுள்ள பொம்பளைன்னு நெனச்சேன். அவன் ஓடினப்பவும் நீ ஒரு சொட்டு அழல. சரி, இவளுக்கு எல்லாம் தெரியும்னு விட்டுட்டேன்." லெட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு வாசல்ல பாத்தத இன்னொரு வாசல்ல சொன்னதில்ல நான். நாப்பது வருஷத்துல இதான் மொதல் தடவ."

கெசியா மடியிலிருந்த மீன் தாளை நீவிவிட்டாள்.

"அப்புறம் பாத்தியா அவன?"

"ஒரே தடவ. ராணியோட அறுபதாவது வருஷ விழாவுக்குக் கோயில்ல எங்கள சவுத்எண்ட் கூட்டிட்டுப் போனாங்களே, அப்ப. கடலோரம் விலாங்கு விக்கிறான். தொப்பை, வழுக்கை. அவளும் நிக்கிறா. மூணு புள்ளைங்க. எனக்குக் கிண்ணத்துல ரெண்டு துண்டு கூடப் போட்டான்."

"என்னப் பத்திக் கேட்டானா?"

லெட்டி தன் கால்களைப் பார்த்தாள்.

"கேட்டான்னு சொல்லட்டுமா?"

"வேணாம்."

கெசியா எழுந்தாள். மீன் சுற்றி வந்த தாள் மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. வாசலில் லெட்டி கூப்பிட்டாள்: "சைலஸக் கட்டியிருப்ப இல்ல? நான் வாயத் திறந்திருந்தா?"

"தெரியல லெட்டிம்மா" என்றாள் கெசியா. "அப்ப வேற ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பேனோ என்னவோ."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஜனங்கள் நல்ல உடுப்போடு நடந்துகொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவள் மனதுக்குள் பேச்செடுத்தாள். இன்னைக்கு எங்க இருக்க? பதில் தெரிந்திருந்தது. சவுத்எண்டில், விலாங்கு விற்றுக்கொண்டு. அந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்க முடியாது. கணவன் விட்டுப் போனது பதினாலு வருஷத்துக்கு முன்பு. கொலைகாரன் அவளை விட்டுப் போனது அந்த மத்தியானத்தில்தான். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்துகொண்டே இன்னொன்றையும் கணக்குப் பார்த்தாள். செத்த பெண்களுக்காகத் தான் எப்போதாவது அழுதிருக்கிறோமா? மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள், அழுதும் இருக்கிறாள், ஆனால் எல்லாம் தனக்காக. தன் பொய்க்காக. தன் படுக்கைக்காக. அவர்களில் ஒருத்தியின் பெயர்கூட அன்றைக்குச் சட்டென்று வரவில்லை. தெரு முனையில், அந்தப் பெயர்கள் நினைவுக்கு வரும்வரை நின்றுவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அறையில் துணி கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. நீளமாக, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. ஏப்ரனைத் தரைத்துணியாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். கெட்டித் துணி, நல்லா தண்ணி குடிக்குது என்று மறுநாள் படிக்கட்டில் என்னிடம் சொன்னாள். எதிலிருந்து கிழித்தது என்று நான் கேட்கவில்லை. அதைச் சொல்ல அவளுக்கு இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அவள் போகவில்லை. வடக்கே செத்த பெண்ணைக் குத்தியது அந்தப் பெண்ணின் மைத்துனன்தான் என்று அந்த வாரமே தெரிந்தது. லெட்டி காப் அடுத்த பிப்ரவரியில், தூக்கத்தில் இறந்தாள். சைலஸ் வோகன் கொதிகலன் வேலையிலிருந்து நின்று, மனைவி மகளோடு நாரிச் பக்கம் போய்விட்டான். ஆம்ப்ரோஸ் டன்னட் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் நெஞ்சுச் சளியில் போனான். ஃபேன்னி விலாங்குக் கடையைத் தொடர்ந்து நடத்தினாள். கெசியா இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறினாள். ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிந்த மறுவருஷம்வரை அதே அறையில் தனியாக இருந்து, தான் தரை தேய்த்த அதே ஆஸ்பத்திரியில் இறந்தாள். நான் இன்னும் கீழறையில்தான் இருக்கிறேன். அந்தப் பெண்களைக் கொன்றவன் யார், எங்கே போனான், எப்படிச் செத்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.